சேம அச்சும் முப்பத்து மூன்று பவுண்டும்

புதுக்கார் எடுக்கும் நாளில் நம்மவர்கள் எலுமிச்சம்பழத்தை மறப்பதில்லை. நான்கு சக்கரங்களின் அடியிலும் நான்கு பழங்கள், முன்புறம் ஒரு மாலை, கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும். நல்ல நேரம் பார்த்து வண்டி நகரும், பழம் நசுங்கும், சுற்றி நிற்போர் கைதட்டுவர். அந்த எடையை எல்லாம் தாங்கி நிற்பது ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் காற்று. அக்காற்றின் அளவை அன்றைக்குக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

நாமும் பார்க்கவில்லை. அண்மையில் நம் குழு நண்பர் ஒருவர் சேலத்தில் கார் எடுத்தார். முதல் பயணமாக நாமக்கல் சென்று குடைவரைகளைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சீலநாயக்கன்பட்டியைக் கடந்து மல்லூர் வருவதற்குள்ளாகவே வண்டி குதிக்கத் தொடங்கிவிட்டது. சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்பில் எண்ணப்பட்டது. புது வண்டி அப்படித்தான் விறைப்பாக இருக்கும் என்று ஒருவர் சமாதானம் சொன்னார்.

ஆண்டகளூர் கேட்டில் தேநீருக்காக நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. அதன் வாசலில் அமர்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து, கையிலிருந்த டயர் லிவரால் முன்சக்கரத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏனுங்க, புது வண்டிங்களா? காத்து ரொம்பத் தூக்கலா இருக்குதுங்களே."

"இப்பதானுங்கண்ணா எடுத்துட்டு வர்றோம்."

"அதான் கேட்டனுங்க."

அளவுமானியை வைத்தார். 48, 47, 48, 49. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருந்த சீட்டு சொன்ன எண் 33. பின்பெட்டியில் படுத்திருந்த மாற்றுச் சக்கரத்திலோ 24தான்! விற்பனையகத்தில் தந்த தாள் கட்டினைப் புரட்டினோம். ஒப்படைப்புக்கு முன் செய்த சோதனைகளின் பட்டியலில் 'டயர் காற்று' என்ற வரிக்கு எதிரே ஒரு சரிக்குறி. அதன் அடியில், பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், நம் நண்பரின் கையொப்பம்!

இதில் சதி ஏதுமில்லை. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் கார்கள் பெரிய ஊர்திகளில் ஏற்றிக் கட்டப்பட்டுப் பல நாள் பயணம் செய்கின்றன. பிறகு கிடங்கில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நிற்கின்றன. ஒரே இடத்தில் நிற்கும் சக்கரத்தின் அடிப்பாகம் தட்டையாகிவிடாமல் இருக்கவே காற்றை மிகுதியாக அடைத்து அனுப்பும் வழக்கம் உண்டு. வாங்குபவரிடம் ஒப்படைக்கும் முன் அதை இறக்கிச் சீட்டிலுள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு வேலை விட்டுப்போகிறது. சரிக்குறி மட்டும் விட்டுப்போவதில்லை.

கணக்கு எளியது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் என்று கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ, அதாவது ஏறத்தாழ 660 பவுண்டு. சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு அழுத்தம் இருந்தால் சக்கரம் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 20 சதுர அங்குலம். விரித்து வைத்த ஒரு கையளவு. அழுத்தத்தை 44 ஆக்கினால் பரப்பு 15 ஆகச் சுருங்கும். மழையில் திடீரென நிறுத்த நேரும்போது நம்மையும் குழந்தைகளையும் பிடித்து நிறுத்துவது இப்படிப்பட்ட நான்கு கையளவு ரப்பர்தான். அதில் கால் பங்கைப் பறிகொடுத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கி என்ன பயன்?

இந்தக் காற்றின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சக்கரத்துக்குக் காற்றை அடைக்கும் எண்ணம் முதலில் தோன்றியது ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு. 1845இல் காப்புரிமை பெற்றார். ரப்பர் பூசிய துணிக்குழாய், அதன்மேல் தோலுறை. குதிரை வண்டிகளில் பூட்டி ஓட்டியும் காட்டினார். உலகம் கண்டுகொள்ளவில்லை. 43 ஆண்டுகள் கழித்து, 1888இல், பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதே வேலையைத் தாமாகவே செய்தார். தாம்சன் முந்திக்கொண்டதால் டன்லப்பின் காப்புரிமை பின்னர் செல்லாமற்போயிற்று. பெயர் மட்டும் டன்லப்புக்கே நிலைத்தது. 1895இல் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் மிஷலின் உடன்பிறந்தார் காற்றடைத்த சக்கரங்களோடு ஒரு காரை ஓட்டினர். வழியெல்லாம் பஞ்சர். ஆனாலும் பந்தயத் தூரத்தை ஓடி முடித்தது அக்கார்.

இதுவரை எல்லாப் புத்தகங்களிலும் உண்டு. இனி வருவது நம் பக்கத்துக் கதை.

கார்கள் பெருகப் பெருக ரப்பர் தேவை பெருகிற்று. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த பிரேசில் ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் 1890களின் இறுதி தொடங்கி மலாயா முழுவதும் தோட்டங்களாயின. 1910இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. அத்தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கக் கங்காணிகள் வந்த தமிழ் மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு ஆகியவற்றோடு சேலமும் ஒன்று. மழை பொய்த்த புன்செய்க் காடுகளிலிருந்து, முன்பணம் வாங்கிய கடனோடு, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் அவர்கள். கூலியாட்களை இவ்வாறு உதவி தந்து மலாயாவுக்கு அனுப்புவதை 1938இல்தான் இந்திய அரசு தடை செய்தது. நான்காண்டுகளில் ஜப்பானியர் வந்தனர். தோட்டங்களிலிருந்த தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டனர்.

பால்மரம் வெட்டுவோர் விடியுமுன்பே காட்டுக்குள் போக வேண்டும். காரணம், மரத்தின் பால்குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் வெயில் ஏறுமுன்புதான் மிகுதி. வெயில் ஏறினால் அழுத்தம் குறைந்து பால் வடிவது மட்டுப்படும். சேலத்துச் சிற்றூர்களில் காற்றடைத்த சக்கரத்தைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லாத காலத்தில், அவ்வூர்களிலிருந்து போனவர்கள் இருளில் விளக்கைக் கட்டிக்கொண்டு அச்சக்கரத்துக்கான பாலை வடித்துக்கொண்டிருந்தனர். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' படித்தவர்களுக்கு இத்தோட்ட வாழ்க்கை புதிதன்று. ஆனால் கார் வாங்கும்போது யாருக்கு அது நினைவுக்கு வரும்? நமக்கும் வரவில்லை, இக்கட்டுரைக்காகத் தேடியபோதுதான் வந்தது.

இங்கே அப்போது ஓடியவை இரும்புப் பட்டை பூட்டிய மாட்டுவண்டிகள். வறட்டித் தீயில் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, மரச்சக்கரத்தில் மாட்டி, தண்ணீரை ஊற்றிச் சுருங்கச் செய்யும் கலையைப் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சக்கரத்துக்குக் காற்றும் வேண்டாம், அளவும் வேண்டாம். பின்னர் வந்த 'டயர் வண்டி' மாட்டின் கழுத்துச் சுமையை வெகுவாகக் குறைத்தது. பெரிய ஊர்திகளுக்கோ வேறு தொல்லை. மாடு, குதிரைகளின் லாட ஆணிகள் சாலையெங்கும் உதிர்ந்து கிடக்கும். 1912இல் பேருந்துத் தொழிலில் இறங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார், ஆணிகளைப் பொறுக்குவதற்கென்றே காந்தம் பொருத்திய வண்டியொன்றை ஓடவிட்டார் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய கதை வேகமாக நடந்தது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எப்., 1952இல் டயர்களுக்கு மேற்பூச்சிடும் ரப்பருக்கும், 1960களின் தொடக்கத்தில் டயருக்கும் வந்து சேர்ந்தது. 1960இல் கோவையில் தோன்றிய எல்ஜி நிறுவனத்தின் காற்றழுத்த இயந்திரங்கள் பஞ்சர் கடைகளுக்குள் நுழைந்தன. அதற்கு முன் லாரிச் சக்கரத்துக்குக் காற்றேற்றுவது கைப்பம்பை வைத்துக்கொண்டு கிளீனர் பையன் படும் பாடு.

நாமக்கல்லுக்கு வருவோம். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரம் லாரிகளின் பூமியானது எப்படி என்று கேட்டால் வானம் பார்த்த நிலமும் உறவினர் கூடிப் போடும் பங்குப் பணமும் என்று இருவேறு காரணம் சொல்வார்கள், இரண்டும் சரியே. இங்கே லாரி 'பாடி' கட்டுவது பெருந்தொழில். உற்பத்தியாளரிடமிருந்து வருவது வெறும் சேஸி. பல பத்தாண்டுகள் வரை கூண்டுகூட இருக்காது. ஓர் இருக்கை, ஒரு சுக்கான், எஞ்சின், சக்கரங்கள். எண்ணூரிலிருந்தும், பின்னர் ஓசூரிலிருந்தும், தொலைதூர ஜாம்ஷெட்பூரிலிருந்தும், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலும் தூசியும் தின்றபடி சேஸியை ஓட்டிவந்து சேர்க்கும் ஓட்டுநர்கள் என்று ஒரு தனி இனமே இருந்தது. அந்தச் சேஸியைப் பெற்றுக்கொள்வதுதான் இவ்வட்டாரத்தில் வண்டி எடுப்பது.

அப்போது உரிமையாளர் முதலில் செய்வது, கீழே குனிந்து சக்கரங்களைச் சுற்றிவருவது. டயரின் எண்களைக் குறித்துக்கொள்வார், வழியில் மாறிவிடவில்லை என்று உறுதி செய்துகொள்வார், காற்றைப் பார்ப்பார். ஏனெனில் வெறும் சேஸிக்குப் போதுமான காற்று வேறு, பாடி கட்டிச் சரக்கு ஏற்றிய பின் வேண்டிய காற்று வேறு. சுமைக்குத் தக்க காற்று என்பது இங்கே பாடத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் செய்தியன்று. சரக்கு லாரிச் சக்கரம் 100 பவுண்டுக்கும் மேல் கேட்பது. பின்னச்சில் இரட்டைச் சக்கரங்கள்; உட்சக்கரத்தில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து தெரியாது. சுமை முழுவதும் பக்கத்துச் சக்கரத்தின்மேல் விழும். இறங்கியதோ நசுங்கி நசுங்கிச் சூடேறும். ஓடிக்கொண்டே தீப்பிடிப்பதும் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளீனர் இறங்கி, இரும்புத் தடியால் எல்லாச் சக்கரங்களையும் தட்டிக்கொண்டே போகிறார். நிறைந்த சக்கரம் 'ணங்' என்று எதிரொலிக்கும். இறங்கியது 'பொத்' என்னும். ஓசையால் அறியும் இந்த முறை காற்று உண்டா இல்லையா என்பதைத்தான் சொல்லும். 100க்கும் 85க்கும் உள்ள வேறுபாட்டை எவ்வளவு தேர்ந்த காதும் சொல்லாது என்பது நம் கருத்து. (ஆண்டகளூர் கேட் பெரியவர் நம்மோடு உடன்படமாட்டார்.)

காற்று நிரப்புவதிலும் உயிராபத்து உண்டு. பழைய வகை லாரி வட்டுகளில் டயரைப் பிடித்து நிறுத்துவது தனியாக மாட்டும் லாக் ரிங் என்ற இரும்பு வளையம். அது சரியாக அமராத நிலையில் காற்றேறினால் பீரங்கிக் குண்டாய்ப் பறக்கும். அமெரிக்காவில் இதற்கென 1980இல் விதி வகுத்து, சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றேற்ற வேண்டும் என்றார்கள். இங்கே சங்கிலியைச் சுற்றியோ, கடப்பாரையைச் செருகியோ, ஒன்றுமே செய்யாமலோ காலம் தள்ளினார்கள். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகளில் வளையம் தாக்கிக் கையிழந்தவர்களையும் உயிரிழந்தவர்களையும் பற்றிய செய்திகள் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துபோகும்.

தவறான எண் என்ன செய்யும் என்பதை உலகம் பெரிய அளவில் கண்டது 2000ஆம் ஆண்டில். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளின் ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்திலேயே உரிந்து வண்டிகள் உருண்டன. அந்நாட்டு அரசு அமைப்பின் கணக்குப்படி 271 பேர் மாண்டனர். ஆகஸ்டில் சுமார் 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. ஃபோர்டு தன் வண்டியில் ஒட்டிய சீட்டு சொன்ன அளவு 26 பவுண்டு. டயர் நிறுவனமோ 30 வேண்டும் என்றது. குற்றம் டயரின் உருவாக்கத்திலா, வண்டியின் அமைப்பிலா, அந்த நான்கு பவுண்டிலா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சாடி, நூற்றாண்டுக்கால உறவை முறித்துக்கொண்டன. விபத்துகள் மிகுந்தது வெப்பமான தென் மாநிலங்களில். காற்றுக் குறைந்த சக்கரம், மிகுந்த சுமை, நீண்ட வேக ஓட்டம், சுடும் சாலை. சித்திரை மாதத்துச் சேலத்திலும் இவை அனைத்தும் உண்டு. ஆகவே மிகுந்த காற்றைவிடக் குறைந்த காற்றே கொடியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் நண்பரின் மாற்றுச் சக்கரத்திலிருந்த 24 பவுண்டைத்தான் நாம் கூடுதலாக அஞ்சியிருக்க வேண்டும். அவ்விபத்துகளின் விளைவாக வந்த சட்டத்தால் 2007 முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களிலும் காற்றழுத்தம் குறைந்தால் விளக்கெரிந்து எச்சரிக்கும் கருவி கட்டாயமாயிற்று.

மாற்றுச் சக்கரம் என்றதும் ஒரு சொல்லாராய்ச்சி. நாம் அதை 'ஸ்டெப்னி' என்கிறோம். இங்கிலாந்தில் போய்ச் சொன்னால் இன்று விழிப்பார்கள். வேல்ஸ் நாட்டு லனெத்லியில் ஸ்டெப்னி தெருவில் பட்டறை வைத்திருந்த டேவிஸ் உடன்பிறந்தார் 1904இல் ஆரங்கள் இல்லாத, காற்றடைத்த மாற்று வட்டு ஒன்றை விற்கத் தொடங்கினர். தெருவின் பெயர் பொருளின் பெயராயிற்று. பிறந்த ஊரில் மறைந்த சொல் இந்தியாவில் வாழ்கிறது. பிரேசிலிலும் 'எஸ்தெப்பி' என்று வாழ்கிறதாம்.

ஆனால் கருத்து நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். இளங்காளைகள் நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ சுமை மிகுதி. வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாரறிவார் என்று எண்ணி, உப்பு வணிகர்கள் வண்டிக்கடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்களாம். அரசகுமாரனைப் புகழ ஸ்டெப்னியை உவமையாக்கிய புலவர் உலகில் வேறு எவரும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை! அதியமானின் தகடூர் இன்றைய தருமபுரி. நாம் பார்க்கப் புறப்பட்ட நாமக்கல் குடைவரைகளும் அதியர் குடியினர் எடுத்தவையே. அரங்கநாதர் குடைவரையின் கல்வெட்டில் 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்ற பெயரே இருக்கிறது. சேம அச்சின் நாட்டுக்குள்தான் 24 பவுண்டு ஸ்டெப்னியோடு போய்க்கொண்டிருந்தோம்.

அச்சேமமும் இப்போது விடைபெறத் தொடங்கியிருக்கிறது. 2020இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, காற்றழுத்தம் காட்டும் கருவியும் டியூபில்லா டயருக்கான பழுதுநீக்கும் பொருள்களும் உள்ள காரில் மாற்றுச் சக்கரம் இல்லாமலிருக்கலாம். அப்படிப்பட்ட காரை எடுப்பவர் பெற்றுக்கொள்ளும்போதே காற்றைப் பார்ப்பது இன்னும் முக்கியம். சில கார்களின் கருவி அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. நாம் பொத்தானை அழுத்திப் பதிவு செய்யும்போது என்ன காற்று இருந்ததோ அதையே சரியான அளவு என்று நம்பிவிடும். 48இல் பதிவு செய்தால் 48தான் அதற்கு வேதம்.

பெரியவரிடம் 33க்கு இறக்கச் சொன்னோம். அவர் இறக்கவில்லை.

"ஓடி வந்த வண்டிங்க, காத்து சூடேறிக் கெடக்குது. இப்ப முப்பத்தி மூணுல நிறுத்தினா நாளைக்குக் காலைல இருபத்தி ஒம்போதுதான் இருக்கும். முப்பத்தேழுல விடறனுங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒருக்கா நீங்களே பாத்துக்கோங்க."

சீட்டிலுள்ள எண் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய எண் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்கிறது. நம்மில் எவரும் கையேட்டைத் திறந்திருக்கவில்லை. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் பெரிய எண் டயர் தாங்கக்கூடிய மேல் வரம்பு, அதை வைத்துக் காற்றடிக்கக் கூடாது என்பதையும் அவரே சொன்னார். நைட்ரஜன் அடிக்கலாமா என்று நம்மில் ஒருவர் கேட்டதற்குச் சிரித்தார். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தானே! ஸ்டெப்னிக்கும் காற்றேற்றிவிட்டு, இறக்கியதற்குக் காசு வேண்டாம், ஏற்றியதற்கு மட்டும் போதும் என்றார்.

நாமக்கல்லில் அன்றிரவு தங்கினோம். போகும் வழியில் ஓர் அளவுமானி வாங்கிக்கொண்டோம். மறுநாள் ஐந்தரை மணிக்கு, மலைக்கோட்டையின் பாறை இன்னும் கறுப்பாகத் தெரிந்த வேளையில், நால்வரும் காரைச் சுற்றிக் குந்தியிருந்தோம். 33, 33, 32, 35. நான்காவதில் இரண்டு பவுண்டு இறக்கினோம். மூன்றாவதுக்கு ஒரு பவுண்டு ஏற்றுவதற்காகப் பெட்ரோல் நிலையம் போய்ச் சேர்வதற்குள் வெயில் வந்துவிட்டது.